ராமநாதபுரம் பக்கம் மர ஆர்க்கிட் பார்ப்பது எப்படி?

ஆர்க்கிட் என்றதும் நம் ஆட்களுக்குக் கொடைக்கானலும் ஏற்காடும்தான் ஞாபகம் வரும். அதில் தப்பில்லை. ஏற்காட்டில் இந்தியத் தாவரவியல் ஆய்வுத் துறையின் தேசிய ஆர்க்கிட் தோட்டமே இருக்கிறது. ஆனால் ஆர்க்கிட் குடும்பத்தில் எல்லாமே குளிரும் மூடுபனியும் கேட்பவை அல்ல. வெயிலையும் வறட்சியையும் தாங்கிக்கொண்டு சமவெளிப் புதர்க்காட்டு மரங்களில் வாழ்கிற வகைகளும் உண்டு. ஆண்டு முழுக்கச் சேர்த்து 800 மில்லிமீட்டரைச் சுற்றியே மழை பெய்கிற, அதிலும் பெரும்பகுதி ஐப்பசி கார்த்திகையிலேயே கொட்டித் தீர்த்துவிடுகிற ராமநாதபுரம் மாதிரியான மாவட்டத்தில் தேட வேண்டியது அந்த வகைகளைத்தான்.

அவற்றில் புதிதாகப் பார்க்க ஆரம்பிப்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது வாண்டா டெசெல்லேட்டா. பதினோராம் வகுப்பில் தாவரவியல் படித்தவர்களுக்கு வாண்டா என்ற பெயர் புதிதல்ல. தொற்று வேருக்கு எடுத்துக்காட்டு எழுதச் சொன்னால் எல்லோரும் எழுதியது அதைத்தான். எழுதியவர்களில் பெரும்பாலோர் செடியைப் பார்த்ததே இல்லை என்பது வேறு கதை. இந்தியச் சமவெளிகள், இலங்கை, மியான்மர் என்று வறண்ட காடுகளில் பரவலாக வளர்கிற செடி இது. தாவரவியலாளர் வில்லியம் ராக்ஸ்பர்க் 1795-இல் வெளியிட்ட சோழமண்டலக் கரைச் செடிகள் தொகுப்பில் படத்தோடு விவரிக்கப்பட்டது.

ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பூவைத் தேடிப் போகாதீர்கள். வருடத்தில் சில வாரங்கள்தான் பூ இருக்கும், வேரும் இலையும் பன்னிரண்டு மாதமும் இருக்கும். வேரைப் பார்த்தே ஆர்க்கிட் என்று சொல்லப் பழகியவர் வெறுங்கையோடு திரும்புவது குறைவு.

எப்போது, எதை எடுத்துக்கொண்டு

முதல் தடவை போக நல்ல காலம் மார்கழி, தை. மழை நின்று, கண்மாயில் தண்ணீர் கிடக்கும். செடி தண்ணீர் குடித்துக் கொழுத்திருக்கும், வேர் நுனிகள் பச்சையாகப் புதிதாக ஓடிக்கொண்டிருக்கும். எந்த மரத்தில் எந்தக் கிளையில் இருக்கிறது என்று அப்போது குறித்து வைத்துக்கொண்டு, சித்திரை வைகாசியில் பூவுக்காகத் திரும்பப் போகலாம். கோடையில் பூக்கிற செடி இது. ஆனால் மழையைப் பொறுத்து முன்பின் ஆகும், தேதி குறித்துக்கொண்டு போனால் ஏமாற்றம்தான்.

கொண்டுபோக அதிகம் தேவையில்லை. பத்து மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸ், தைக்கிற கடையில் கிடைக்கும் அளவு டேப், நோட்டு, பென்சில், கேமரா ஓரளவு நன்றாக உள்ள போன். பைனாகுலர் இருந்தால் பாதி வேலை மிச்சம், ஏனென்றால் செடி பெரும்பாலும் தலைக்கு மேலேதான் இருக்கும். தண்ணீர் பாட்டில் இரண்டு. ரப்பர் செருப்பு மட்டும் வேண்டாம், சீமைக்கருவேல முள் அதை ஊடுருவிப் பாதத்தில் ஏறும். கெட்டியான அடிப்பாகம் உள்ள ஷூ போட்டுக்கொள்ளுங்கள். மேலே பார்த்துக்கொண்டே நடக்கிற வேலை இது, கீழே பாம்பு கிடக்கும். அதனால் நடக்கும்போது கீழே, நின்ற பிறகு மேலே என்று ஒரு பழக்கம் வைத்துக்கொள்வது நல்லது.

எந்த மரத்தைப் பார்ப்பது

முதலில், எங்கே தேட வேண்டாம் என்று சொல்கிறேன். கடலை ஒட்டிய முதல் மணல்மேட்டில், தனுஷ்கோடி மாதிரி உப்புக்காற்று நேராக அறைகிற வெட்டவெளியில் மரமே நிற்கத் திணறுகிறது, மரத்தைத் தொற்றி வாழும் செடியை அங்கே எதிர்பார்க்க முடியாது. சீமைக்கருவேலங்காடும் அப்படித்தான். பார்க்கப் பசுமையாக இருக்கும், ஆனால் கரிமூட்டத்துக்கு வெட்டுவதும் துளிர்ப்பதும் திரும்ப வெட்டுவதுமாக ஒரு கிளையும் நிலைப்பதில்லை. ஆர்க்கிட் விதை விழுந்து, முளைத்து, பூக்கும் பருவத்துக்கு வரச் சில வருடங்கள் ஆகும். அத்தனை வருடம் அசையாமல் நிற்கிற கிளை வேண்டும். மன்னார் வளைகுடாத் தீவுகள் தேசியப் பூங்காவுக்குள் வருபவை, அனுமதியில்லாமல் அங்கே போகக்கூடாது.

அப்புறம் எங்கே? பழைய மரம், சொரசொரப்பான பட்டை, பக்கத்தில் கொஞ்சம் ஈரம். இந்த மூன்றும் சேர்கிற இடங்கள் நம் ஊரில் இரண்டுதான்: கண்மாய்க் கரையும் கோயில் காடும். ராமநாதபுரத்திலிருந்து முதுகுளத்தூர், கமுதி, பரமக்குடி என்று எந்தப் பக்கம் போனாலும் கண்மாய் வரும், கரைமேல் புளியோ ஆலோ வேம்போ நிற்கும். ஊருணிக் கரைகளையும் விடாதீர்கள். தண்ணீர் வற்றிப் போன மாதங்களிலும் அந்த இடங்களில் விடியற்காலைப் பனி கொஞ்சம் கூடுதலாக இறங்கும். ஐயனார், கருப்பர் கோயில்களைச் சுற்றி யாரும் அரிவாள் வைக்காத மரங்கள் நிற்கும். உலக்கைப்பாலை, விளா, இலுப்பை, உகாய் எல்லாம் சேர்ந்து நிற்கிற காடாக இருந்தால் அங்கேயே ஒரு காலைப்பொழுதைச் செலவழிக்கலாம்.

கோயில் காட்டுக்குள் பூசாரியிடம் கேட்காமல் நுழையக்கூடாது. செருப்பைக் கழற்றச் சொன்னால் கழற்றத்தான் வேண்டும், முள்ளைப் பார்த்து மெதுவாக நடங்கள். கேட்டுவிட்டுப் போனால் இன்னொரு லாபமும் உண்டு: எந்த மரத்தில் என்ன இருக்கிறது என்று அவர்களுக்குத் தெரியும். பனையேறுகிறவர்களையும் ஆடு மேய்க்கிறவர்களையும் கேளுங்கள். ஆர்க்கிட் என்று கேட்காமல், போனில் படத்தைக் காட்டி, “அண்ணே, மரத்து மேல இந்த மாதிரி தடிச்ச வேர் விட்டு ஒரு செடி பாத்திருக்கீங்களா?” என்று கேட்டால் பதில் வரும். பெரும்பாலும் வருகிற பதில் இது:

“அது புல்லுருவி தம்பி. மரத்தக் கொன்னுபுடும், வெட்டி எறியணும்.”

இங்கேதான் பொறுமையாகப் பேச வேண்டியிருக்கிறது. புல்லுருவி வேறு, இது வேறு. புல்லுருவி மரத்தின் சாற்றை உறிஞ்சுகிற ஒட்டுண்ணி. ஆர்க்கிட் மரத்தில் உட்கார்ந்திருக்கிற தொற்றுச்செடி, அவ்வளவுதான். மழைத்தண்ணீரும் பட்டையில் சேர்கிற தூசி, மட்கும் அதற்குப் போதும். “உங்க மரத்துக்கு ஒண்ணும் ஆகாதுங்கய்யா, வேர் பட்டைக்கு மேலயே நிக்குது பாருங்க” என்று கிளையில் காட்டிச் சொன்னால் நம்புவார்கள். இப்படி ஒரு பேச்சில் ஒரு செடி பிழைத்துப் போகும் என்பதால் இதை வழிகாட்டியின் ஒரு படியாகவே வைத்திருக்கிறேன்.

ஆர்க்கிட்தானா? வேரிடம் கேளுங்கள்

மரத்தில் தொங்குவதெல்லாம் ஆர்க்கிட் வேர் அல்ல. ஆலம் விழுது யாருக்கும் தெரியும். ஆனால் சீந்தில் கொடி புதியவர்களை நன்றாக ஏமாற்றும். உச்சிக் கிளையிலிருந்து நூல் நூலாக வேரைத் தரை நோக்கி இறக்கும். அது சாட்டை மாதிரி மெலிந்து நீண்டிருக்கும், மேலே பார்த்தால் வெற்றிலை சாயலில் இதய வடிவ இலைகள் தெரியும். பிரண்டையும் மரமேறும், அதன் தண்டு நாற்பட்டையாக, கணுக்கணுவாக இருப்பதால் குழப்பம் வராது. புல்லுருவியைக் கண்டுபிடிக்க அது கிளையோடு சேரும் இடத்தைப் பாருங்கள். அங்கே கிளை முடிச்சு விழுந்தது போல வீங்கி, இரண்டும் ஒரே கட்டையாகிப் போயிருக்கும். இலை புல்லுருவியுடையது, கிளை வேம்பினுடையது, நடுவில் கோடு தெரியாது.

வாண்டாவில் அந்த ஒட்டுத் தெரியாது. பென்சில் தடிமனுக்கு, சில சமயம் அதைவிடப் பருமனாக, சாம்பல் கலந்த வெள்ளை நிறத்தில் வேர்கள் பட்டைமேல் படர்ந்து போகும். சில வேர்கள் எதையும் பிடிக்காமல் காற்றில் தொங்கும். கைக்கு எட்டுகிற உயரத்தில் அப்படி ஒரு வேர் கிடைத்துவிட்டால் அவசரப்படாதீர்கள், அங்கேதான் இந்தச் செடியின் முக்கால்வாசிக் கதை இருக்கிறது.

பாட்டிலிலிருந்து கொஞ்சம் தண்ணீரை வேர்மேல் சொட்டு சொட்டாக விடுங்கள். ஒட்டாமல் உருண்டு ஓடும் என்று நினைப்பீர்கள், ஆனால் அப்படியே உள்ளே போய்விடும். பார்த்துக்கொண்டிருக்கும்போதே தண்ணீர் பட்ட இடம் வெள்ளை மாறிப் பச்சையாகும். வேரின் மேல்போர்வைதான் வெலாமன். உயிரற்ற, உள்ளே காலியான செல்களின் அடுக்கு அது. காய்ந்திருக்கும்போது செல்களுக்குள் காற்று, அதனால் வெள்ளை. நனைந்ததும் தண்ணீர் நிரம்பிக் கண்ணாடியாகிவிடுகிறது, உள்ளே இருக்கிற பச்சையம் வெளியே தெரிகிறது. ஆமாம், இந்த வேருக்குள் பச்சையம் உண்டு, இலை செய்கிற வேலையில் ஒரு பங்கை வேரும் செய்கிறது. இப்போது லென்ஸை வைத்துப் பாருங்கள். பச்சைக்கு நடுவே சின்னச் சின்ன வெள்ளைக் கோடுகள் மட்டும் நனையாமல் நிற்கும். அவை வேர் மூச்சுவிடுகிற இடங்கள். வேரின் நுனியில் ஒரு சிறு நீளத்துக்கு இந்தப் போர்வை இருக்காது, பளபளவென்று பச்சையாக இருக்கும். அப்படி நுனி பச்சையாக இருந்தால் செடி வளர்ந்துகொண்டிருக்கிறது. வெள்ளை நுனிவரை மூடியிருந்தால் செடி வறட்சியில் ஓய்வெடுக்கிறது, செத்துவிட்டது என்று முடிவுகட்ட வேண்டாம்.

எங்கள் பக்கத்தில் ஒரு மழைக்கும் அடுத்த மழைக்கும் நடுவில் மாதக்கணக்கில் இடைவெளி விழும். வருகிற தண்ணீரைச் சில நிமிடத்தில் பிடித்து, பிறகு மெதுவாக உள்ளே அனுப்புகிற வெலாமன் இல்லாவிட்டால் இந்தச் செடி இங்கே நிற்காது. இலையும் அதே கணக்கில்தான் நடக்கிறது. கள்ளி, கற்றாழையைப் போல இரவில் இலைத்துளையைத் திறந்து கரியமிலவாயுவை வாங்கி வைத்துக்கொண்டு, பகலில் மூடிக்கொள்ளும். பகலில் கச்சான் காற்று எத்தனை காய்ச்சினாலும் தண்ணீர் இழப்பு குறைவு.

வாண்டாதானா?

வேர் தேறியாயிற்று. இனி இலை. ஒரே தண்டு மேல்நோக்கி வளர்ந்துகொண்டே போகும், பக்கத்தில் கிழங்கு மாதிரியான வீங்கிய தண்டு எதுவும் கிடையாது. செடியின் உயரம் ஓர் அடியிலிருந்து இரண்டு அடி. இலைகள் தண்டின் இரண்டு பக்கமும் மட்டும், ஒன்றின் அடியை ஒன்று தழுவிக்கொண்டு வரிசையாக அடுக்கியிருக்கும். வார் போல நீண்ட, தோல் மாதிரித் தடித்த இலை. நடுவில் மடித்தது போன்ற பள்ளம், அடியில் முதுகெலும்பு மாதிரி ஒரு விளிம்பு. நீளம் பெரும்பாலும் 15 முதல் 20 சென்டிமீட்டர். நுனியை விட்டுவிடாதீர்கள்: கூராக முடியாது, எலி கடித்துவிட்டுப் போனது போல ஏறுமாறாக இரண்டு மூன்று பல்லாக இருக்கும். ஏதோ பூச்சி தின்றது என்று நினைத்து அழகான இலையாகத் தேடாதீர்கள், எல்லா இலையும் அப்படித்தான்.

பூங்கொத்து இலைக் கக்கத்திலிருந்து வரும். ஒரு கொத்தில் ஐந்து முதல் பத்துப் பூக்கள், ஒவ்வொன்றும் நான்கைந்து சென்டிமீட்டர் அகலம், நல்ல வாசனை. முதலில் பின்பக்கத்தைப் பாருங்கள், இதழ்களின் முதுகு வெள்ளையாக இருக்கும். முன்பக்கம் மஞ்சளோ பச்சையோ சாம்பலோ கலந்த அடித்தளத்தில் பழுப்புக் கோடுகள் குறுக்கும் நெடுக்குமாக ஓடிக் கட்டம் போட்டிருக்கும். அடித்தள நிறம் செடிக்குச் செடி மாறும், கட்டம் மாறாது. புறவட்டத்தில் மூன்று, அகவட்டத்தில் மூன்று என்று ஆறு இதழ்கள். அகவட்ட மூன்றில் ஒன்று மட்டும் ஜாடை மாறி நீலமோ ஊதாவோ நிறத்தில் உதடாக நீட்டிக்கொண்டிருக்கும். அதன் பின்னால் குட்டையான கூம்பு வடிவில் ஒரு பை.

பூக்காம்பு என்று நாம் நினைப்பது பெரும்பாலும் சூலகம்தான். மொட்டும் மலர்ந்த பூவும் ஒரே கொத்தில் இருந்தால் இரண்டின் காம்பையும் ஒப்பிட்டுப் பாருங்கள். மலர்ந்ததின் காம்பு முறுக்கியிருக்கும். மொட்டில் மேல்பக்கம் இருக்கிற உதடு, மலரும்போது காம்பு பாதி வட்டம் திரும்புவதால் கீழ்ப்பக்கம் வந்துவிடுகிறது. வருகிற பூச்சி இறங்கி உட்காருவதற்குத் திண்ணை வேண்டுமே, அதற்குத்தான் இந்த ஏற்பாடு.

உதட்டுக்கு மேலே, பூவின் நடுவில், தனியாக மகரந்தத் தாள்கள் தெரியாது. ஆணும் பெண்ணும் ஒன்றாகச் சேர்ந்த குட்டைத் தூண் ஒன்று இருக்கும். அதன் தலையில் சின்ன மூடி. கீழே உதிர்ந்த பூ கிடைத்தால் மட்டும் அந்த மூடியைப் பென்சில் நுனியால் மெல்ல நெம்பிப் பாருங்கள். மகரந்தம் தூளாக இருக்காது, மஞ்சளாக இரண்டு உருண்டைகள், ஒரு காம்பு, அடியில் பசையுள்ள தட்டு, எல்லாம் ஒரே துண்டாகப் பென்சிலில் ஒட்டிக்கொண்டு வரும். பூச்சியின் உடம்பிலும் இப்படியேதான் ஒட்டிக்கொண்டு அடுத்த பூவுக்குப் போகிறது. மரத்தில் இருக்கிற பூவில் இந்த விளையாட்டு வேண்டாம். மகரந்தம் மொத்தமும் அந்த ஒரே துண்டுதான், நீங்கள் எடுத்துவிட்டால் பூவின் பாதிக் கடமை முடிந்தது.

காய் ஏழெட்டு சென்டிமீட்டர் நீளத்தில், நீளவாக்கில் விளிம்புகளோடு பச்சையாக நிற்கும், முற்றப் பல மாதம் ஆகும். வெடித்த காயைத் தட்டினால் மஞ்சள் புழுதி மாதிரி பறப்பதுதான் விதை. விதைக்குள் முளைப்பதற்கான சாப்பாடு கிடையாது, அதற்கென்று உள்ள பூஞ்சை பட்டையில் இருந்து அது விதைக்குள் நுழைந்து ஊட்டினால்தான் முளைக்கும். அத்தனை விதை பறந்தும் ஊரில் ஆர்க்கிட் அபூர்வமாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

குழப்பக்கூடிய மற்றவை

பூ இல்லாத நேரத்தில் வாண்டாவோடு அதிகம் குழம்புவது அக்காம்பே பிரிமோர்சா. அதன் இலை இன்னும் தடிப்பு, விறைப்பு, வேரும் இன்னும் பருமன். பூ வந்துவிட்டால் சந்தேகமே இல்லை. ஒரு சென்டிமீட்டர் சுமாருக்கு, மஞ்சளில் செம்பழுப்புப் பட்டை போட்ட குட்டிப் பூக்கள், இலைக்குள்ளேயே குட்டைக் கொத்தாக ஒதுங்கியிருக்கும்.

டாப்ரோபேனியா ஸ்பாதுலேட்டா என்று ஒன்று, முன்பு வாண்டா ஸ்பாதுலேட்டா என்றார்கள். தென்னிந்தியாவுக்கும் இலங்கைக்கும் மட்டுமே உரியது. முட்புதர்மேல் சாய்ந்து ஏறுகிற நீண்ட தண்டு, தட்டையான குட்டை இலை, நீண்ட காம்பின் நுனியில் பொன்மஞ்சள் பூ. 1693-இல் முடிந்த, மலபார்ச் செடிகளைப் பற்றிய ஹோர்தூஸ் மலபாரிக்கூஸ் என்ற லத்தீன் நூலின் கடைசித் தொகுதியிலேயே இதன் படம் இருக்கிறது. லூயிசியா வகைகளுக்கு இலை உருண்டையாக, குச்சி குச்சியாக இருக்கும். இலையே இல்லாத செடி என்று தாண்டிப் போய்விடாதீர்கள்.

பதிவு செய்வது

ஒரு செடிக்கு இந்தப் படங்கள் போதும்: மரம் முழுதாக, செடி முழுதாக, இலை நுனி, வேர், பூவின் முன்பக்கம், பின்பக்கம், காய். பூ மட்டும் எடுத்துக்கொண்டு வந்து பெயர் கேட்பவர்கள்தான் அதிகம், இலை நுனிப் படம் ஒன்று இருந்தால் பாதிச் சந்தேகம் அங்கேயே தீரும். நோட்டில் மரத்தின் பெயர், செடி இருக்கும் உயரம், கிளையின் எந்தத் திசை, வெயில் எவ்வளவு என்று எழுதுங்கள். பார்த்த செடி, பிராணிகளின் படங்களைப் பதிவு செய்கிற ஐநேச்சுரலிஸ்ட் இணையதளத்தில் ஏற்றும்போது இடத்தை மறைக்கிற வசதியைத் தேர்ந்தெடுங்கள். வாட்ஸ்அப் குழுவில் கூகுள் மேப் பின்னோடு போடவே போடாதீர்கள். மருந்துக்கு என்று இதன் வேரைப் பிடுங்குகிறவர்கள் இருக்கிறார்கள். ராஸ்னா என்ற ஆயுர்வேதச் சரக்கு வட இந்தியாவில் சில இடங்களில் இந்த வேர்தான், தெற்கே அந்தப் பெயரில் அரத்தையைப் பயன்படுத்துகிறார்கள்.

வீட்டுக்குக் கொண்டுவரலாமா?

கூடாது. ஆர்க்கிட் குடும்பம் முழுவதும் அழியும் நிலையிலுள்ள உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்துகிற சைட்டிஸ் என்கிற பன்னாட்டு ஒப்பந்தத்தின் பட்டியலில் இருக்கிறது, காட்டுச்செடியைப் பிடுங்கி விற்பது சட்டச் சிக்கல். சட்டத்தை விடுங்கள், அந்தச் செடி உங்கள் மாடியில் பிழைப்பதும் சந்தேகம். நம் பக்கத்து போர் தண்ணீரில் இருக்கிற உப்பு ஒரு கோடைக்குள் வெலாமனைக் கருக வைத்துவிடும். வளர்த்தே ஆக வேண்டும் என்றால் நர்சரியில் வளர்த்த வாண்டா கலப்பினங்களை வாங்கி, பிடித்துவைத்த மழைத்தண்ணீரை ஊற்றுங்கள்.

புயலில் கிளை முறிந்து செடியோடு தரையில் கிடந்தால் மட்டும் கணக்கு வேறு. வனத்துறை நிலம் என்றால் அவர்களிடம் சொல்லுங்கள். கோயில் காடோ ஊர்ப் பொது மரமோ என்றால் பெரியவர்களிடம் கேட்டுவிட்டு அதே இடத்திலேயே வேறு மரத்தில் ஏற்றி வைக்கலாம். வேரைப் பட்டையிலிருந்து பிய்க்காமல், கிளைத் துண்டோடு சேர்த்து அறுத்து எடுங்கள். மேற்கு வெயில் படாத, கிழக்கோ வடக்கோ பார்த்த ஒரு கவையில், ஆட்டுக்கும் கைக்கும் எட்டாத உயரத்தில் வைத்து, தேங்காய் நார்க் கயிற்றால் ஆடாமல் கட்டுங்கள். கம்பி வேண்டாம், அது மரத்தையும் வெட்டும் செடியையும் வெட்டும். மழை இல்லாவிட்டால் வாரத்துக்கு இரண்டு தடவை சாயங்காலத்தில் மழைத்தண்ணீரைத் தெளியுங்கள். புது வேர் வந்து மரத்தின் பட்டையைப் பிடித்ததும் தெளிப்பதை நிறுத்திவிடலாம், நார்க் கயிறு தானே மக்கி உதிர்ந்துவிடும்.